பச்சைப் புள்ளியை நம்பிப் போகலாமா?
மின்கார் கேள்வி பதில்

இந்த முறை வழியில் நிறுத்தி அரை மணியில் ஏற்றிக்கொள்ளும் டிசி ஃபாஸ்ட் சார்ஜிங்கைப் பற்றி மட்டும் பேசுவோம். இரவு முழுக்க மெதுவாக ஏறும் ஏசி சார்ஜிங் வேறு கதை. படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கிலோவாட் என்பது ஏறும் வேகம், யூனிட் என்பது ஏறிய அளவு. 60 கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஏறினால் 60 யூனிட்.

கே: ஆப்பில் பச்சைப் புள்ளி, 'காலியாக உள்ளது' என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் சார்ஜரின் திரையே எரியவில்லை. வேலை செய்யாததை ஏன் பச்சையாகக் காட்டுகிறார்கள்?

ப: அந்தப் பச்சைக்குப் பொருள் ஒன்றுதான்: கடைசியாகச் செய்தி அனுப்பியபோது, தன்னிடம் கோளாறு இருப்பதாக அந்த சார்ஜர் சொல்லவில்லை. இதில் இப்போது உங்கள் காருக்கு சார்ஜ் ஏறும் என்று அது உறுதி தரவில்லை.

சார்ஜரும் அதை நடத்தும் நிறுவனத்தின் சர்வரும் பெரும்பாலும் ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. கன் (கேபிளின் முனையில் காரில் மாட்டும் பகுதி) காலியா, கார் மாட்டியிருக்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா, கோளாறா என்று சார்ஜர் தன் நிலையை அனுப்பும். இடையிடையே 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தியும் போகும். ஆனால் தன் சென்சார்கள் உணரும் கோளாறுகளைத்தான் அதனால் சொல்ல முடியும். கன்னின் கொக்கி உடைந்திருப்பதும், கார்டு ரீடர் அட்டையைப் படிக்காமல் இருப்பதும், முன்னால் பெட்ரோல் கார் ஒன்று வழியை அடைத்து நிற்பதும் அதற்கே தெரியாது. திரை செத்துப்போனாலும் உள்ளே இருக்கும் கன்ட்ரோல் போர்டு ஓடிக்கொண்டிருந்தால் பச்சை பச்சையாகவே இருக்கும். நீங்கள் பார்ப்பது சார்ஜரை நடத்துபவரின் சொந்த ஆப் இல்லையென்றால், தகவல் இன்னொரு கை மாறி வருகிறது. அதில் தாமதமும் சேரும்.

இதன் அளவு எவ்வளவு என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் 181 பொது நிலையங்களில் இருந்த 657 சிசிஎஸ் (டிசி ஃபாஸ்ட் சார்ஜிங்குக்குப் பரவலாக உள்ள ஒரு கன் வகை) கன்களை நேரில் சோதித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். காரில் மாட்டி, பணம் செலுத்தி, 2 நிமிடம் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார்கள், சோதனை அவ்வளவுதான். 72.5 சதவீதம் தேறின. 22.7 சதவீதத்தில் திரை, பணம் செலுத்துதல், தொடர்பு, கன் என ஏதோ ஒன்று சதி செய்தது. மீதி 4.9 சதவீதத்தில் கேபிளின் நீளம் போதாமல் காரின் சாக்கெட்டை எட்டவில்லை.

ஆகவே பச்சையைப் பார்ப்பதைவிட, அந்தக் கன்னில் கடைசியாக வெற்றிகரமாக சார்ஜ் ஏறியது எப்போது என்று பாருங்கள். பல ஆப்கள் இதைக் காட்டும். பயனர்கள் எழுதும் குறிப்பில் தேதியும் இருக்கும். வண்டி ஓட்டம் அதிகமுள்ள சாலையில் இரண்டு நாளாக ஒருவர்கூட ஏற்றாத சார்ஜர் 'காலியாக' இருக்கிறது என்றால் அதைச் சந்தேகிக்க வேண்டும். மாறாக, நான்கு கன்களில் இரண்டில் இப்போது கார் ஏறிக்கொண்டிருக்கும் நிலையத்துக்கு நம்பிப் போகலாம். ஆப்பின் புள்ளியைவிட, அங்கே ஏறிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் கார் நல்ல சாட்சி.

கே: 97 சதவீதம், 99 சதவீதம் இயங்குகிறது என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அப்படியிருந்தும் ஏன் இத்தனை புகார்?

ப: முதலில் கணக்கு. 97 சதவீதம் என்றால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11 நாள் படுத்திருக்கலாம். 99 என்றால் மூன்றரை நாளுக்குச் சற்று மேல்.

அடுத்தது, எதைக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பது. அரசு நிதி பெறும் நெடுஞ்சாலை சார்ஜர்களுக்கு அமெரிக்கா 2023-ல் வகுத்த விதி ஒவ்வொரு கன்னுக்கும் 97 சதவீதம் கேட்கிறது. ஆனால் மின்வாரியத் தடை, திட்டமிட்ட பராமரிப்பு, நாசவேலை, காரின் பக்கத்துக் கோளாறு ஆகியவை அந்தக் கணக்கில் வராது. பிரிட்டனில் 2024 நவம்பர் முதல் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்களுக்கு 99 சதவீதம் கட்டாயம். அது ஒரு நிறுவனத்தின் மொத்த வலையமைப்புக்கும் சேர்த்த சராசரி. ஒதுக்குப்புறத்தில் ஒரு சார்ஜர் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தாலும் சராசரியில் அது கரைந்துவிடும். அதை நம்பிப் போனவருக்குச் சராசரியால் என்ன பயன்?

எங்கள் பார்வையில் கேட்க வேண்டிய எண் வேறு: கன்னை மாட்டியவர்களில் எத்தனை பேருக்கு முதல் முயற்சியிலேயே சார்ஜ் ஏறியது? ஓட்டுநர் படும் பாட்டை அளப்பது அந்த எண்தான். உங்கள் சார்ஜிங் நிறுவனத்திடம் அதைக் கேளுங்கள்.

கே: கன்னை மாட்டினேன், 'டக்' என்று பூட்டும் சத்தமும் வந்தது. அரை நிமிடம் கழித்து 'தொடர்புப் பிழை' என்று நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றும் இதே கதி. கோளாறு காரிலா, சார்ஜரிலா?

ப: அந்த அரை நிமிடத்துக்குள் என்னென்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே அறுந்தது என்று ஊகிக்கலாம். சிசிஎஸ் முறையில் வரிசை இது.

கன் உள்ளே போனதும் 'கன்ட்ரோல் பைலட்' என்ற சிறு பின்னில் 12 வோல்ட் 9 வோல்ட்டாக இறங்கும்; கார் வந்திருப்பதை சார்ஜர் அறிந்துகொள்ளும். பிறகு அதே கம்பியில் ஒரு குறிப்பிட்ட துடிப்பை அனுப்பி, 'டிஜிட்டலாகப் பேசலாம் வா' என்று அழைக்கும். பக்கத்துக் கன்னின் சிக்னல் கசிந்து வந்து குழப்பக்கூடும் என்பதால், தான் பேசுவது தன்னோடு இணைந்த சார்ஜரோடுதானா என்று சார்ஜர் அளந்து சொல்லும் சிக்னலின் பலத்தை வைத்துக் கார் உறுதி செய்யும். அடுத்து எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்ற பேச்சு. பிறகு கன் பூட்டப்பட்டு, கேபிளில் உயர் வோல்ட் ஏற்றி, எங்காவது கசிவு உண்டா என்று இன்சுலேஷன் சோதனை நடக்கும். கடைசியாக, சார்ஜர் தன் வோல்ட்டை பேட்டரியின் வோல்ட்டுக்குச் சமமாகக் கொண்டுவந்த பிறகே காருக்குள் பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்சுகளான கான்டாக்டர்கள் மூடும். சமமாக்காமல் மூடினால் தீப்பொறி அடித்து அவை உருகி ஒட்டிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர வரம்பு உண்டு. எதில் தாமதித்தாலும் மொத்தமும் ரத்தாகும்.

மூன்று முறையும் ஒரே மாதிரி மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். முதலில் திரையில் வரும் பிழைச் செய்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னைக் கழற்றி சார்ஜரின் தாங்கியில் முழுதாக வையுங்கள். சில சார்ஜர்கள் கன் தன் இடத்துக்குத் திரும்பினால்தான் பழைய முயற்சியை மறக்கும். திரை முகப்புக்கு வரும்வரை, குறைந்தது ஒரு நிமிடம், பொறுங்கள். காரை பி கியரில் போட்டு அணைத்து, கதவுகளை மூடுங்கள். 'இரவு இத்தனை மணிக்கு மேல் சார்ஜ் செய்' என்ற டைமர் ஓடுகிறதா, சார்ஜ் வரம்பு இப்போதுள்ள சதவீதத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டும் அடிக்கடி ஆளை ஏமாற்றும்.

பிறகு கன்னை நேராக உள்ளே தள்ளி, அதன் அடியில் கை கொடுத்துச் சற்று மேல்நோக்கித் தாங்கிக்கொண்டு, பூட்டு விழுந்து சார்ஜ் தொடங்கும்வரை விடாதீர்கள். தடித்த கேபிளின் எடை கன்னைக் கீழே இழுக்கும்போது சிறிய பைலட் பின்னின் தொடர்பு விட்டு விட்டு வரும். பழகித் தேய்ந்த கன்களில் இந்த ஒரு கை தாங்கலே பல நேரம் வேலையை முடித்துவிடும்.

அதிலும் ஏறவில்லையா? ஆப்பில் தொடங்கிவிட்டு மாட்டியிருந்தால், இப்போது மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். முன்பு அப்படிச் செய்திருந்தால் மாற்றிச் செய்யுங்கள். சார்ஜருக்கு சார்ஜர் இந்த வரிசை மாறும். அடுத்து அதே பெட்டியின் இன்னொரு கன், பிறகு இன்னொரு பெட்டி. கடைசியில் உதவி எண். கன்னைக் கழற்றி வைத்துவிட்டு, 'ஹார்ட் ரீசெட் செய்யுங்கள்' என்று சொல்லிக் கேளுங்கள். சாஃப்ட் ரீசெட்டில் மென்பொருள் மட்டுமே மறுபடி தொடங்கும். ஹார்ட் ரீசெட்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும், நடுவில் மாட்டிவிடாதீர்கள்.

வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு பெட்டிகளில் ஒரே கட்டத்தில் நின்றால் காரைச் சந்தேகியுங்கள். பலர் நினைத்தே பார்க்காத காரணம் காரின் 12 வோல்ட் பேட்டரி. அது தளர்ந்திருந்தால் கம்ப்யூட்டர்களும் கான்டாக்டர்களும் தடுமாறும். பெரிய பேட்டரி நன்றாகவே இருந்தாலும் சார்ஜ் தொடங்காது. 'இன்சுலேஷன்' என்ற சொல் பிழைச் செய்தியில் இருந்தால் சாக்கெட்டிலும் கன்னிலும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். உலர்ந்த பிறகும், வேறு சார்ஜரிலும் அதே செய்தி வந்தால் மேலும் முயலாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். பின்களில் கருகலோ உருகலோ தெரிந்தால் அந்தக் கன்னைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று: திரையில் 'எமர்ஜென்சி' என்று வந்தால் யாரோ சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத் திருகினால் மேலே வரும். ஆனால் ஏன் அழுத்தினார்கள் என்று தெரியாமல் விடுவிக்காதீர்கள். உதவி எண்ணில் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகு செய்யுங்கள்.

கே: 120 கிலோவாட் என்று எழுதிய சார்ஜரில் என் காருக்கு 45-தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

ப: ஏமாற்று என்று முடிவு கட்டுமுன் சார்ஜர் திரையில் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வேகம். எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார்; தன்னால் முடிந்தவரை கொடுப்பதுதான் சார்ஜரின் வேலை. ஆகவே குறைவுக்கு இரண்டு பக்கமும் காரணம் இருக்கலாம்.

ஆம்பியர் 100, 125, 200 என்று ஒரே எண்ணில் அசையாமல் நிற்க, பேட்டரி நிரம்ப நிரம்ப வோல்ட் மெல்ல உயர்ந்து கிலோவாட்டும் ஊர்ந்து ஏறுகிறது என்றால், பெரும்பாலும் சார்ஜர்தான் முட்டி நிற்கிறது. குளிர்விப்பு இல்லாத கேபிளுக்கு 200 ஆம்பியர் அளவிலேயே வரம்பு இருக்கும். 380 வோல்ட் பேட்டரிக்கு அது 76 கிலோவாட். அதே கன்னில் 720 வோல்ட் பேட்டரி உள்ள காருக்கு 144. பெட்டியில் பெரிய எண் எழுதியிருந்தும் 400 வோல்ட் வகைக் கார்களுக்கு அது கிடைக்காமல் போவது இதனால்தான்.

சதவீதம் ஏற ஏற ஆம்பியர் படிப்படியாக இறங்குகிறதா? அது காரின் முடிவு. பேட்டரியைக் காக்கச் செய்வது. தொடக்கத்தில் மிகக் குறைவாக இருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் கூடுகிறதா? பேட்டரி குளிர்ந்திருந்தது. குளிரில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உள்ளே நுழையாமல் ஆனோடின் (பேட்டரி செல்லின் எதிர்மின் முனை) மேல் உலோகமாகப் படியும். அதனால் கார் தானாகவே கையைக் கட்டிக்கொள்கிறது. காரின் நேவிகேஷனில் சார்ஜரையே போய்ச் சேரும் இடமாகக் குறித்தால், பல மாடல்கள் வழியிலேயே பேட்டரியை ஏற்ற வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடும். காரின் பக்கம் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய மருந்து இது.

நன்றாக ஏறிக்கொண்டிருந்தது திடீரெனப் பாதியானால் பக்கத்துக் கன்னைப் பாருங்கள், யாராவது மாட்டியிருப்பார்கள். ஒரே பெட்டியில் இரண்டு கன் என்றால் 120 கிலோவாட் இரண்டு 60 ஆகப் பிரியும். இடம் காலியாக இருந்தால் ஆள் இல்லாத பெட்டியில் நிறுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் மின்சாரத்தை டிசியாக மாற்றிக் கொடுக்கும் பல பவர் மாட்யூல்கள் வரிசையாக இருக்கும். 30 கிலோவாட் வீதம் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செத்தால் மீதி இரண்டும் 60 கொடுத்துக்கொண்டிருக்கும், ஆப்பில் பச்சையும் எரியும். ஃபில்டரில் தூசி அடைத்து உள்ளே சூடேறினாலும், தேய்ந்த பின்கள் சூடாகி அங்கிருக்கும் வெப்ப சென்சார் எச்சரித்தாலும் இதேபோல் வேகம் குறையும். ஒரே சார்ஜரில் எப்போதும், எல்லாக் காருக்கும் பாதி வேகம்தான் என்றால் தயங்காமல் புகார் கொடுங்கள். வோல்ட், ஆம்பியர், பேட்டரி சதவீதம் மூன்றும் தெரியும் படத்தோடு கொடுத்தால் டெக்னீஷியனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

கே: 80 சதவீதத்தோடு கிளம்பச் சொல்கிறார்கள். நூறு வரை நிரப்பினால் என்ன?

ப: நேரம்தான் நஷ்டம். பல கார்களில் 10-லிருந்து 80 வரை ஏறும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமமான நேரத்தை 80-லிருந்து 100 வரை விழுங்கும். 60 யூனிட் பேட்டரியில் 10-லிருந்து 80 என்றால் 42 யூனிட்; சராசரி 70 கிலோவாட் கிடைத்தால் 36 நிமிடம். நீண்ட வழியில் ஒரே இடத்தில் 95 வரை காத்திருப்பதைவிட இரண்டு இடங்களில் 60, 65 வரை ஏற்றிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் வேகமானது. ஆனால் அடுத்த சார்ஜர் தொலைவில் இருந்தால், அல்லது அதன் மேல் நம்பிக்கை இல்லையென்றால், தயங்காமல் 90, 95 வரை ஏற்றுங்கள். 80 என்பது வசதிக்கான எண்.

கே: அடுத்த சார்ஜர் கைவிட்டால் என்ன செய்வது என்ற பயம் போகவில்லை. எவ்வளவு கையிருப்போடு போய்ச் சேர வேண்டும்?

ப: 'எப்போதும் 20 சதவீதம்' என்ற பொது விதியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கையிருப்பு அந்த இடத்தைப் பொறுத்தது. கேள்வியை இப்படிப் போடுங்கள்: இந்த நிலையம் மொத்தமாகப் படுத்துவிட்டால் நான் எங்கே போவேன், அது எத்தனை கிலோமீட்டர்?

60 யூனிட் பேட்டரி கார் நெடுஞ்சாலை வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் தின்கிறது என்று கொள்வோம். மாற்று நிலையம் 40 கிலோமீட்டரில் என்றால் அதற்கு 8 யூனிட், அதாவது 13 சதவீதத்துக்குச் சற்று மேல். எதிர்க்காற்று, மழை, சுற்றுவழி ஆகியவற்றுக்கு 5 சதவீதம். ஆக 18, 19 சதவீதத்தோடு முதல் நிலையத்தை எட்ட வேண்டும். மாற்று 10 கிலோமீட்டரில் இருந்தால் 10 சதவீதமே போதும். மலையேற்றத்தை மறக்காதீர்கள்: 1,800 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏற, சாலையில் ஓடும் செலவு போக, தனியாகக் கிட்டத்தட்ட 5 யூனிட் வேண்டும். இறக்கத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் சார்ஜர் உச்சியில் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கன்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு கன்னும் பத்துக்கு எட்டு முறை வேலை செய்யும் என்று வைத்தால், ஒற்றைக் கன் நிலையத்தில் ஐந்தில் ஒரு முறை வெறுங்கையோடு திரும்புவீர்கள். நான்கு இருந்தால், நான்கும் சேர்ந்து கைவிடும் வாய்ப்பு 10,000-க்கு 16. மின்தடையும் நெட்வொர்க் கோளாறும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சாய்க்கும் என்பதால் நடப்பில் இவ்வளவு நன்றாக இராது. இருந்தாலும் வித்தியாசம் மிகப் பெரியது. கூடுமானால் மாற்று நிலையம் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். ஒரு சர்வர் படுத்தால் அதன் நிலையங்கள் எல்லாமே படுத்துவிடக்கூடும்.

கையிருப்பு குறைந்துவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 110-லிருந்து 80-க்கு இறங்கினால் அந்தத் தடை ஏறத்தாழ பாதியாகும்.

கே: வரிசை நின்றால் காத்திருப்பதா, அடுத்த இடத்துக்குப் போவதா?

ப: ஒரு காருக்கு 30 நிமிடம் என்றால் நான்கு கன் உள்ள இடத்தில் சராசரியாக ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு கன் விடுபடும். உங்கள் முன்னால் இரண்டு பேர் நின்றாலும் 22, 23 நிமிடத்தில் முறை வரும். ஒற்றைக் கன் என்றால் அதே வரிசை ஒன்றரை மணி நேரம்கூடப் போகலாம். முதல் இடத்தில் காத்திருங்கள், இரண்டாவதில் கிளம்புங்கள். மாட்டியிருக்கும் கார்களின் சதவீதத்தை சார்ஜர் திரையிலேயே படிக்கலாம். 78-ல் இருப்பவர் சீக்கிரம் கிளம்பக்கூடும், 25-ல் இருப்பவர் கிளம்ப மாட்டார். பின்னால் ஆள் நிற்கும்போது 80-க்கு மேல் ஏற்றாதீர்கள், முடிந்ததும் வண்டியை நகர்த்துங்கள்.

கே: சார்ஜ் முடிந்தும் கன் வரவில்லை. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

ப: இழுக்காதீர்கள். சிசிஎஸ்-2 வகையில் கன்னைப் பிடித்து வைத்திருப்பது காரின் சாக்கெட்டில் உள்ள ஒரு சிறு பூட்டு ஊசி. நீங்கள் இழுக்க இழுக்க ஊசியின் மேல் பாரம் கூடி, மோட்டாரால் அதை விலக்க முடியாமல் போகும். முதலில் ஆப்பிலோ திரையிலோ சார்ஜிங்கை நிறுத்துங்கள். பிறகு கன்னை உள்நோக்கித் தள்ளி, எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காரைப் பூட்டி மறுபடி திறங்கள். ஊசி விலகும் சத்தம் கேட்கும். அப்போது நேராக வெளியே எடுங்கள். அதுவும் ஆகாவிட்டால் பல கார்களில் டிக்கியின் பக்கவாட்டிலோ பானெட்டுக்கு அடியிலோ அவசர விடுவிப்புக் கயிறு இருக்கும். எங்கே என்று கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஒருபோதும் அதை இழுக்கக் கூடாது. சிசிஎஸ்-1 கன்னில் கொக்கியும் விசையும் கன்னிலேயே இருக்கும். அங்கே விசையை முழுதாக அழுத்தியபடி எடுக்க வேண்டும்.

கே: கன் பொருந்தினால் எந்த டிசி சார்ஜரிலும் ஏற்றலாமா?

ப: பெரும்பாலும் ஆம், ஆனால் வோல்ட்டும் பொருந்த வேண்டும். பழைய சார்ஜர்கள் சில 500 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது. 800 வோல்ட் வகைக் காரில் வோல்ட்டை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால்தான் அங்கே ஏறும். ஹூண்டாய் ஐயானிக் 5 தன் மோட்டார், இன்வெர்ட்டர் வழியாகவே அதைச் செய்துகொள்கிறது. டிசி அடாப்டர் என்றால் கார் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டதை மட்டும் வாங்குங்கள். வெப்ப சென்சார் இல்லாத மலிவு அடாப்டரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுவது ஆபத்து.

கே: பணம் பிடித்துவிட்டார்கள், சார்ஜ் ஏறவில்லை. இன்னொரு முறை 40 யூனிட்டுக்கு பில். காரோ 37 ஏறியது என்கிறது.

ப: முதலாவது பெரும்பாலும் முன்பிடிப்பு: அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைத்து, முடிந்ததும் உண்மைக் கணக்கைக் கழித்துவிட்டு மீதியை விடுவிப்பார்கள். சில நாளாகியும் வரவில்லையென்றால் நிலைய எண், நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கொடுத்துக் கேளுங்கள். இரண்டாவது இயல்பு. கேபிளிலும் பேட்டரிக்குள்ளும் வெப்பமாகப் போவது, பேட்டரியைக் குளிர்விக்கும் செலவு, நீங்கள் உள்ளே உட்கார்ந்து போட்ட ஏசி எல்லாம் அந்த 3 யூனிட்டில் அடக்கம்.

ஆப்பை மட்டும் நம்ப வேண்டாம். சார்ஜரின் நெட்வொர்க் அறுந்தால் ஆப்பிலிருந்து தொடங்க முடியாது. ஆனால் சில சார்ஜர்கள் நினைவில் வைத்திருக்கும் பட்டியலைக் கொண்டு ஆர்எஃப்ஐடி அட்டையை (சார்ஜரில் காட்டினால் ஆளை அடையாளம் சொல்லும் அட்டை) அப்போதும் ஏற்கும். அடிக்கடி போகும் நிறுவனத்தின் அட்டை ஒன்று வண்டியில் கிடக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் முதல் புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்கள், உறுப்பினர் கணக்கு கேட்காமல் சாதாரண வங்கி அட்டையை ஏற்க வேண்டும் என்பது விதி. எல்லா நாட்டுக்கும் வர வேண்டிய விதி இது.

கே: அடிக்கடி ஃபாஸ்ட் சார்ஜ் செய்தால் பேட்டரி கெடுமா?

ப: பயணத்தில் செய்வதற்குப் பயப்பட வேண்டாம், எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் கார் கேட்கிறது. கெடுப்பது சூடும், நிரம்பிய நிலையில் கிடப்பதும். வெயிலில் வேகமாக நூறு வரை ஏற்றி அப்படியே நிறுத்தி வைப்பதைத் தவிருங்கள். ஏற்றி முடித்ததும் ஓட்டிச் செல்வதானால் கவலையில்லை.

கே: மழையில் மாட்டலாமா?

ப: மாட்டலாம். கன் காரில் மாட்டிப் பூட்டப்படும்வரை பின்களில் உயர் வோல்ட் வராது. கன்னின் வாயை வானம் பார்க்க வைக்காதீர்கள், தரையில் போடாதீர்கள், சாக்கெட்டின் மூடியைக் கடைசி நொடியில் திறங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் சார்ஜர் பக்கம் போகாதீர்கள்.

கே: எங்கள் விடுதி வளாகத்தில் சார்ஜர் வைக்கப் போகிறோம். இரண்டு கன் உள்ள பெரிய பெட்டி ஒன்றா, சிறிய பெட்டி இரண்டா?

ப: இரண்டு பெட்டி. ஒரே பெட்டியில் கன்ட்ரோலர், மோடம், உள்வரும் பிரேக்கர் எல்லாம் பொது. ஒன்று போனால் இரண்டு கன்னும் போகும். மோடங்களில் வெவ்வேறு நிறுவன சிம் போடுங்கள், அல்லது ஒன்றுக்குக் கம்பிவழி இணைப்பு கொடுங்கள். மேலே கூரை அவசியம்: நேர் வெயிலில் திரை படிக்க முடியாது, உள்ளே சூடேறி வேகமும் குறையும். சாக்கெட் சில கார்களில் மூக்கில், சிலவற்றில் முன் சக்கரத்துக்கு மேல், சிலவற்றில் பின்புறம் இருக்கும். கேபிள் இவை எல்லாவற்றையும் எட்டுகிறதா என்று தூண்களை ஊன்றுமுன் உண்மையான கார்களை நிறுத்திப் பாருங்கள். கேபிள் தரையில் கிடக்காமல் மேலிருந்து தொங்கட்டும். சக்கரம் ஏறி நசுங்கும் கேபிள் நெடுநாள் வராது. உதவி எண்ணையும் நிலைய எண்ணையும் திரைக்கு வெளியே, பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். திரை இறந்த நாளில்தான் அவை தேவைப்படும்.

ஃபில்டர் சுத்தம் செய்யும் நாளை நாட்காட்டியில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை ஊழியர் ஒருவர் ஒவ்வொரு கன்னிலும் கார் மாட்டி, வாடிக்கையாளரைப் போலவே பணம் கட்டி, 2 நிமிடம் ஏற்றிப் பார்க்கட்டும். இரவுப் பணியில் இருப்பவருக்கும் ரீசெட் செய்யும் முறையையும், உதவி மையத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுங்கள். வாங்கும்போதே ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: பழுது சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், உதிரிக் கன்னும் பவர் மாட்யூலும் எங்கே இருப்பில் இருக்கும். இதற்கு நேரான பதில் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.